பாடு: பழவேற்காடு ஏரியில் நான் பார்த்த நிதானம்



பி.காம். படிப்பவனுக்கு வலையோடும் இறாலோடும் என்ன சம்பந்தம் என்று நீங்கள் கேட்கலாம். நியாயமான கேள்விதான். முதலில் என் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அப்புறம் வரலாற்றுக்குப் போவோம்.

எங்கள் வகுப்பு நடத்திய ஒரு விழாவுக்கு நான்தான் பொருளாளர். விழா முடிந்து பத்து நாள் இருக்கும். ஒருவன் எல்லார் முன்னாலும் எழுந்து, "கணக்கு எப்போ காட்டப் போற?" என்று கேட்டான். அவ்வளவுதான். எனக்கு வந்ததே கோபம்! "அப்ப நான் திருடனா?" என்று கத்திவிட்டு வெளியே போய்விட்டேன். இராத்திரி பகலாக உழைத்தவன் நான், கேள்வி கேட்பவன் ஒரு நாற்காலிகூட நகர்த்தாதவன். இப்படியே மனசுக்குள் ஓட்டிக்கொண்டு ஒரு வாரம் யாரோடும் சரியாகப் பேசவில்லை.

அந்த வாரக் கடைசியில் ஒரு நண்பன் தன் ஊருக்கு வரச்சொன்னான். பழவேற்காடு பக்கத்தில் ஒரு குப்பம். பொன்னேரியில் பஸ் மாறிப் போனோம். அங்கே அவன் தாத்தா வீட்டுத் திண்ணையில் வலையைப் பிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். பேச்சுக்கு ஏதாவது கேட்க வேண்டுமே என்று, "நேத்து மீன் எப்படி தாத்தா?" என்றேன்.

"நேத்து நமக்குப் பாடு சரியில்ல தம்பி. பக்கத்து வீட்டுக்காரனுக்கு நல்ல பாடு. நமக்கும் வரும்" என்றார், ஏதோ மழை வரும் என்பது போல.

"அவங்களுக்கு மட்டும் நல்ல இடம் கிடைச்சுதேன்னு உங்களுக்குக் கோபம் வராதா?"

அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். "சீட்டு மேல யாராவது கோவிச்சுக்குவாங்களா?"

இந்த ஒரு வரிதான் இந்தக் கட்டுரைக்குக் காரணம்.

பாடு என்றால் என்ன?

தமிழில் இந்தச் சொல்லுக்கு எத்தனை அர்த்தம் பாருங்கள். உழைப்பு என்றால் பாடு. கஷ்டமும் பாடுதான். "அவன் பாட்டுக்குப் போனான்", "உன் பாடு, அவன் பாடு" என்கிறோம். கடற்கரையில் மீன் கிடைப்பதை மீன்பாடு என்பார்கள். பழவேற்காட்டில் இவை எல்லாவற்றோடும் இன்னொரு பொருளும் சேர்கிறது. ஏரியில் வலை கட்டுவதற்கென்று குறித்து வைத்த இடமும், அந்த இடத்தில் ஒருவருக்கு வரும் முறையும் பாடு எனப்படும். அதனால்தான் இந்த ஏற்பாட்டுக்கே பாடு முறை என்று பெயர்.

இதைப் புரிந்துகொள்ள ஏரியைக் கொஞ்சம் தெரிந்துகொள்ள வேண்டும். பழவேற்காடு ஏரி ஒடிசாவின் சிலிகாவுக்கு அடுத்து இந்தியாவின் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி. பெரும்பகுதி ஆந்திராவில் இருக்கிறது, தெற்கு ஓரம் நம் திருவள்ளூர் மாவட்டத்தில். ஆரணியாறும் காளாங்கி ஆறும் நல்ல தண்ணீரைக் கொண்டு வருகின்றன. முகத்துவாரம் வழியாக வங்கக் கடலின் உப்புத் தண்ணீர் உள்ளே வருகிறது. கடலுக்கும் ஏரிக்கும் நடுவே மதில் போல ஸ்ரீஹரிக்கோட்டா தீவு.

இறாலின் வாழ்க்கை விசித்திரமானது. அது முட்டையிடுவது கடலில். குஞ்சுகள் முகத்துவாரம் வழியாக ஏரிக்குள் வந்து வளர்கின்றன. ஓரளவு பெரிதானதும் மறுபடி கடலுக்குத் திரும்புகின்றன. அப்படித் திரும்பும்போது வற்றத் தண்ணீரோடு போகும். ஆகவே முகத்துவாரத்தை ஒட்டிய கால்வாய்களில் கழி நட்டு வலை கட்டியவனுக்கு அதிர்ஷ்டம். ஏரியின் ஏதோ ஒரு மூலையில் கட்டியவனுக்கு அந்த அளவுக்குக் கிடைக்காது.

இப்போது ஒரு கேள்வி. நல்ல இடங்கள் கொஞ்சம், வலைகள் நிறைய. யாருக்கு அந்த இடம்? முதலில் வந்தவனுக்கா? பலசாலிக்கா? பணம் கொடுப்பவனுக்கா? இந்த மூன்று வழியிலும் கடைசியில் அடிதடிதான் மிஞ்சும்.

ஏரியின் தெற்குக் கரையில் கோட்டைக்குப்பம், நடூர் மாதா குப்பம், ஆண்டிக்குப்பம் ஆகிய ஊர்களின் மீனவர்கள் பல தலைமுறைகளாகக் கண்ட வழி வேறு. யார் யாருக்கு உரிமை என்று ஊரில் ஒரு பட்டியல் இருக்கும். திருமணமாகித் தலைக்கட்டாகச் சேர்ந்தவர் அந்தப் பட்டியலில் வருவார். வலை கட்டும் இடங்களுக்கும் கணக்கு உண்டு. யாருக்கு எந்த இடம் என்பதைச் சீட்டுக் குலுக்கல் தீர்மானிக்கும். அதுவும் நிரந்தரமாக இல்லை, முறை வைத்து மாறிக்கொண்டே இருக்கும். இன்று நல்ல இடத்தில் இருப்பவர் அடுத்த முறை சுமாரான இடத்துக்குப் போவார். நுணுக்கங்கள் ஊருக்கு ஊர் மாறலாம், அடிப்படை இதுதான்.

இதே வழக்கம் வேறு இடங்களிலும் இருக்கிறது. கொச்சிக் காயலிலும் பாடு என்றே பெயர், அங்கே மீனவர் சங்கங்கள் குலுக்கல் நடத்துகின்றன. இலங்கையின் நீர்கொழும்பிலும் கட்டுவலைக்கான இடங்களை மீனவர் சங்கங்கள் சீட்டுப் போட்டுப் பிரித்துக்கொள்கின்றன. கடல் கடந்தும் ஒரே யோசனை!

குடத்தில் போட்ட ஓலை

சீட்டுக் குலுக்குவது நம் ஊருக்குப் புதிதா என்ன? பள்ளிக்கூடத்தில் படித்த உத்திரமேரூர் நினைவிருக்கும். முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், கி.பி. 919, 921 ஆம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. 30 குடும்புகள். தகுதியுள்ளவர்களின் பெயர்களை ஓலையில் எழுதிக் குடத்தில் போட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் சொல்வார்கள். பரீட்சைக்கு மனப்பாடம் செய்து மறந்துவிட்டேன். இந்தச் சம்பவத்துக்குப் பிறகு மறுபடி எடுத்துப் படித்தபோது இரண்டு விஷயங்கள் சுருக்கென்று குத்தின.

ஒன்று, கடந்த மூன்று ஆண்டுகளுக்குள் வாரியத்தில் இருந்தவர் பெயர் குடத்துக்குள் போகாது. நீ எவ்வளவு நல்லவனாக இருந்தாலும் சரி, இடத்தை விட்டுக் கொஞ்ச காலம் விலகி நிற்க வேண்டும்.

இரண்டு, வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவன் பெயர் குடத்துக்குள் போகவே போகாது. அவனுடைய நெருங்கிய உறவினர்களுக்கும் அதே கதி!

ஆயிரம் வருஷத்துக்கு முன்பே கணக்குக் கேட்பதை யாரும் அவமானமாக எடுத்துக்கொள்ளவில்லை. அது கல்லில் வெட்டி வைத்த விதி. கேட்டவன் மேல் பாய்ந்த பி.காம். மாணவன் நான். எங்கே போய் முட்டிக்கொள்வது?

இடத்துக்காகப் பீரங்கி கொண்டு வந்தவர்கள்

இதே பழவேற்காட்டில் "இந்த இடம் எனக்கு மட்டும்" என்று வந்தவர்களின் கதையும் உண்டு. அதையும் சேர்த்துப் பார்த்தால்தான் மீனவர்களின் நிதானத்துக்கு என்ன மதிப்பு என்று தெரியும்.

விஜயநகரப் பேரரசு காலத்தில் இது பெரிய துறைமுகம். இங்கிருந்து துணிகள் தென்கிழக்கு ஆசியாவுக்குப் போயின. 16 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே போர்த்துகீசியர் வந்துவிட்டார்கள். அடுத்த நூற்றாண்டில் டச்சுக்காரர்கள் வந்தார்கள். 1612 இல் சாந்தோமிலிருந்து வந்த போர்த்துகீசியர் டச்சுக்காரர்களின் கிடங்கைத் தாக்கினார்கள். 1613 இல் டச்சுக்காரர்கள் கெல்டிரியா கோட்டையைக் கட்டி முடித்தார்கள். அது சோழமண்டலக் கரையில் அவர்களுக்குத் தலைமையிடம் ஆனது. வெடிமருந்து ஆலை வந்தது, நாணயம் அச்சடித்தார்கள். துணியோடு மனிதர்களையும் அடிமைகளாகக் கப்பலேற்றினார்கள் என்பதையும் மறக்கக் கூடாது. 1690 இல் தலைமையிடம் நாகப்பட்டினத்துக்கு மாறியது. கடைசியில் 1825 இல் ஊர் முழுவதுமாக ஆங்கிலேயர் கைக்குப் போனது.

இப்போது கோட்டை இருந்த இடத்தில் இடிபாடும் புதரும்தான். டச்சுக் கல்லறைத் தோட்டம் மட்டும் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் நன்றாக இருக்கிறது. வாசலிலேயே கல்லில் செதுக்கிய எலும்புக்கூடுகள் நம்மை வரவேற்கின்றன. நண்பன் அதைக் காட்டி, "இங்க வந்து இடம் பிடிச்சவங்க எல்லாம் இங்கதான் இருக்காங்க" என்று சிரித்தான்.

வலை கட்டும் சனங்கள் இன்னும் ஏரியில் இருக்கிறார்கள். ஒரு இடத்தை என்றைக்கும் தனக்கே வைத்துக்கொள்ள நினைத்தவர்களுக்குப் பீரங்கி தேவைப்பட்டது. ஒரு முறைக்கு மட்டும் வைத்துக்கொண்டு அடுத்தவருக்கு விடத் தெரிந்தவர்களுக்கு ஒரு துண்டுச் சீட்டு போதுமானதாக இருந்தது.

பொருளாதாரம் என்ன சொல்கிறது?

நம் பாடத்துக்கும் வருவோம். 1968 இல் காரெட் ஹார்டின் என்ற அமெரிக்க உயிரியல் அறிஞர் ஒரு புகழ்பெற்ற கட்டுரை எழுதினார். பொதுவான மேய்ச்சல் நிலம் இருந்தால் ஆளாளுக்கு ஒரு மாடு கூடுதலாக விடுவார்கள், கடைசியில் நிலம் பாழாகும் என்பது அவர் வாதம். ஒன்று அரசாங்கம் பார்த்துக்கொள்ள வேண்டும், இல்லையென்றால் தனியாருக்குப் பிரித்துக் கொடுக்க வேண்டும் என்று பலரும் முடிவு கட்டினார்கள்.

எலினார் ஆஸ்ட்ரம் என்ற பேராசிரியை இதை ஏற்கவில்லை. 1990 இல் வந்த தன் புத்தகத்தில், மக்களே கூடி விதி செய்து பொதுச் சொத்தைக் காப்பாற்றிய பல ஊர்களைக் காட்டினார். அதில் துருக்கியின் அலன்யா என்ற ஊரும் ஒன்று. 1970களின் தொடக்கத்தில் அங்கே நல்ல இடத்துக்காக மீனவர்களுக்குள் ஓயாத சண்டை. சுமார் நூறு பேர். பல வருஷம் முயன்று ஒரு முறை கண்டார்கள். ஒவ்வொரு செப்டம்பரிலும் சீட்டு எடுப்பது. ஜனவரி வரை தினமும் கிழக்குப் பக்கம் ஒரு இடம் நகர்வது, பிறகு மேற்குப் பக்கம் நகர்வது. எல்லாருக்கும் எல்லா இடமும் ஒரு நாள் வந்துவிடும். 2009 இல் ஆஸ்ட்ரமுக்குப் பொருளாதார நோபல் பரிசு கிடைத்தது. அந்தப் பரிசைப் பெற்ற முதல் பெண் அவர்தான்.

இதைப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான். நிதானம் என்பது பிறவிக் குணம், சிலருக்கு இருக்கும், சிலருக்கு இருக்காது என்று நினைத்திருந்தேன். அந்தத் தாத்தா பொறுமைசாலியாகவே பிறந்தார் என்று யார் சொன்னது? அவர் கோபப்படாமல் இருக்க ஊரே சேர்ந்து ஏற்பாடு செய்திருக்கிறது. யாருக்கு எது விழும் என்று தெரியாத நேரத்தில், எல்லாரும் சேர்ந்து ஒப்புக்கொண்ட விதி அது. விழுந்த பிறகு கத்துவதில் அர்த்தம் இல்லை. அதே போல நல்ல இடம் கிடைத்தவனுக்கும் தலைகனம் வர வழியில்லை. "என் திறமையால் கிடைத்தது" என்று அவன் சொன்னால் ஊர் சிரிக்கும். சீட்டில் வந்தது, நாளைக்குப் போய்விடும். பணிவுக்கு இதைவிட எளிய பாடம் உண்டா?

ஆனால்... பட்டியலில் பெயர் இல்லாதவர்கள்

இதோடு முடித்தால் கட்டுரை அழகாக இருக்கும். ஆனால் உண்மை பாதிதான் சொன்னதாகும்.

பாடு உரிமை எல்லாருக்கும் இருந்ததில்லை. அது பட்டினவர் சமூகத்தின் குறிப்பிட்ட ஊர்களுக்கு உரியது. அதே ஏரியை நம்பி மற்ற சமூகத்து மீனவர்களும் இருக்கிறார்கள். இடுப்பளவு தண்ணீரில் நின்று கையாலேயே இறால் தடவிப் பிடிக்கும் இருளர்களும் இருக்கிறார்கள். இறால் ஏற்றுமதி வளர்ந்து விலை ஏறிய பிறகு, வெளியே நின்றவர்கள் "எங்களுக்கும் பங்கு கொடு" என்று கேட்டார்கள். தகராறுகள் நடந்தன. இவர்களிடம் போய் "சீட்டு மேல் கோவிக்காதே" என்று சொல்ல முடியுமா? அவர்கள் பெயர் சீட்டிலேயே இல்லையே! பாடும் பட்டியலில் இருப்பவனுக்கு மட்டும்தான் நிதானம் தருகிறது. உத்திரமேரூரும் அப்படித்தான். அது பிராமணர்களின் சதுர்வேதிமங்கலம். நிலமும் வீடும் படிப்பும் உள்ள ஆண்களின் பெயர்தான் குடத்துக்குள் போனது.

அப்படியானால் விவேகம் என்பது வெறும் பொறுமை இல்லை என்று புரிகிறது. எது சீட்டில் விழுந்தது, எது மனிதன் செய்த அநியாயம் என்று பிரித்துப் பார்ப்பதுதான் விவேகம். முதலாவதை அமைதியாக ஏற்றுக்கொள்ளலாம். இரண்டாவதைக் கேட்டே ஆக வேண்டும். ஆனால் கேட்பதிலும் நிதானம் வேண்டும்.

இதற்கும் நம்மிடம் உதாரணம் இருக்கிறது. 1990களில் கடற்கரை ஓரமெல்லாம் இறால் பண்ணைகள் முளைத்தன. உப்புத் தண்ணீர் வயலுக்குள் போனது, குடிதண்ணீர் கெட்டது. நாகப்பட்டினம் பகுதியில் இதை எதிர்த்து அறவழியில் போராடிய காந்தியவாதி எஸ்.ஜெகந்நாதன் உச்ச நீதிமன்றம் வரை போனார். அப்போதே அவருக்கு எண்பது வயது. 1996 டிசம்பர் 11 அன்று தீர்ப்பு வந்தது. கடற்கரை ஒழுங்குமுறைப் பகுதியில் அத்தகைய பண்ணைகள் கூடாது, சிலிகா ஏரியிலிருந்தும் பழவேற்காடு ஏரியிலிருந்தும் 1000 மீட்டருக்குள் கூடாது என்றது நீதிமன்றம். எங்கோ தெற்கே தொடங்கிய போராட்டம் இந்த ஏரியையும் சேர்த்துக் காப்பாற்றப் பார்த்தது.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு வேறு கவலைகளும் இருக்கின்றன. முகத்துவாரம் மணல் மூடிக்கொண்டால் இறால் குஞ்சு உள்ளே வராது, படகும் கடலுக்குப் போக முடியாது. தெற்கே எண்ணூர்த் துறைமுகம் 2001 இல் வந்தது, அதை ஒட்டிக் காட்டுப்பள்ளித் துறைமுகம் வந்தது. காட்டுப்பள்ளியைப் பெரிதாக்கும் திட்டம் வந்தபோது மீனவ ஊர்கள் எதிர்த்தன. 2021 ஜனவரியிலும் 2023 செப்டம்பரிலும் அறிவித்த கருத்துக்கேட்புக் கூட்டங்கள் தள்ளிப்போயின. ஏரியே சுருங்கினால், முகத்துவாரமே அடைபட்டால், எந்த இடத்துக்கு யார் சீட்டுப் போடுவது? இது சீட்டில் விழுந்த கஷ்டம் இல்லை என்று அவர்களுக்கு நன்றாகத் தெரியும். தாத்தா வலையில் விழாத இறாலைப் பற்றி ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. முகத்துவாரத்தைப் பற்றிப் பேச்சு வந்ததும் வலையைக் கீழே வைத்துவிட்டு அரை மணி நேரம் பேசினார். அப்போதும் குரல் உயரவில்லை. ஆனால் ஒவ்வொரு வார்த்தையும் அழுத்தமாக இருந்தது.

கடைசியாக, என் கணக்கு

திரும்பி வரும்போது பஸ்ஸில் யோசித்துக்கொண்டே வந்தேன். எனக்கு நடந்தது இதில் எந்த வகை? அநியாயமா? இல்லை. பொருளாளர் என்றால் கணக்குக் கேட்பார்கள், அது அந்த வேலையோடு வருவது. விழாவுக்கு முன்னாலேயே "இந்தத் தேதிக்குள் கணக்கை ஒட்டிவிடுவேன்" என்று எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தால் யாரும் எழுந்து கேட்டிருக்கவே மாட்டார்கள். விதியை முன்கூட்டியே வைக்காதது என் தப்பு.

அன்றிரவு ரசீதுகளை எல்லாம் எடுத்து வைத்துக் கூட்டினேன். 340 ரூபாய் உதைத்தது. மூன்று முறை கூட்டியும் அதேதான். பந்தலுக்குக் கொடுத்த முன்பணத்தை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறேன்! கேட்டவன் மேல் பாய்ந்தேனே, கணக்கில் தப்பு என்னுடையது.

திங்கட்கிழமை கணக்கை எழுதிக்கொண்டு போய் வகுப்பில் படித்தேன். 340 ரூபாய் எப்படித் தப்பானது என்பதையும் சொன்னேன். வாய் கொஞ்சம் உலர்ந்துதான் போனது. கேள்வி கேட்டவன் முழுவதும் கேட்டுவிட்டு, "சரிடா, மிச்சப் பணத்துல எல்லாருக்கும் டீ வாங்கிக் கொடு" என்றான். அவ்வளவுதான் விஷயம். ஒரு வாரமாக நான் சுமந்தது இதைத்தான்.

அடுத்த விழாவுக்குப் பொருளாளர் யார் என்று பேச்சு வந்தபோது நானே சொன்னேன்: பெயர்களைச் சீட்டில் எழுதிப் போடுவோம், இந்த முறை என் பெயர் வேண்டாம். உத்திரமேரூர்க்காரர்கள் மூன்று வருஷம் விலகி நிற்கச் சொன்னார்கள். எனக்குப் படிப்பு முடிய அவ்வளவு காலம் இல்லை, ஒரு விழாவாவது நிற்கலாமே!

உங்களுக்கும் இப்படி ஏதாவது கோபம் மிச்சம் இருக்கிறதா? அது சீட்டில் விழுந்ததா, அநியாயமா, இல்லை உங்கள் கூட்டலிலேயே உதைக்கிறதா என்று ஒருமுறை பாருங்கள். முடிந்தால் ஒரு முறை பழவேற்காட்டுக்கும் போய்விட்டு வாருங்கள். குளிர்காலத்தில் போனால் பூநாரைகளையும் பார்க்கலாம்.